பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவர் ஜெபசிங்

1

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, குக்கரை அடுப்பில் ஏற்றுவதற்குள் ஊரிலிருந்து தங்கை கூப்பிட்டாள்.

“ஏக்கா, ஒங்க சர்ச்சுல பொம்பளைய சங்கத்துக்கு ஒரு ஆம்பளையத் தலைவராப் போட்டுட்டாவளாமே, நெசமா?”

“நெசந்தான். பேரு ஜெபசிங்.”

“சேல வேற கெட்டிக்கிட்டு வாராராமே?”

எங்கள் ஊருக்குச் செய்தி தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஆனால் வழியில் நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்துப் போய்ச் சேரும். சேலை இல்லை, சட்டைதான் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்த சிரிப்பில் போன் கட்டாகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டால் ஜெபசிங் பூ வைத்துக்கொண்டு வருகிறார் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு முன்னால் நானே எழுதிவிடுவது நல்லது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் சாந்தி. கல்யாணமாகி பெங்களூருக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை. வீட்டுக்காரருக்குக் கம்பெனி வேலை. ஊரில் இருப்பவர்கள் நான் ஏதோ அமெரிக்காவில் இருப்பதுபோல “அங்கெல்லாம் எப்படி?” என்று கேட்பார்கள். சிரிப்பாக இருக்கும். பாஸ்போர்ட் கேட்காத பரதேசம் இது, அவ்வளவுதான். ஓசூர் தாண்டினால் பலகையில் எழுத்து மாறும். கொஞ்ச வருஷத்தில் நாக்கும் மாறும். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது மீன்காரரிடம் என்னையறியாமல் “எஷ்டு?” என்று கன்னடத்தில் விலை கேட்டுவிட்டேன். அந்தப் பெயரில் அன்றைக்கு மீன் இல்லை என்று சொல்லிவிட்டார்.

2

எங்கள் சபை ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம். வெள்ளைக்காரன் பட்டாளம் இருந்த காலத்திலிருந்தே இங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் முன் பெஞ்சுகளில் உட்காரும். பிழைக்க வந்த எங்களைப் போன்ற தெற்கத்திக்காரர்கள் நடுவில். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளைகள் பிரசங்கத்தின் பாதியில் வந்து, ஆசீர்வாதத்துக்கு முன்னால் போய்விடுவார்கள். அவர்களுக்குக் கடைசி பெஞ்சு.

பெண்கள் ஐக்கிய சங்கம் இல்லாவிட்டால் இந்தச் சபை ஒரு வாரம்கூட ஓடாது. பலிபீடத் துணி துவைப்பது, திருவிருந்துப் பாத்திரம் துலக்குவது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, துக்க வீட்டுக்குக் காபி கொண்டுபோவது, கன்வென்ஷனுக்கு வரும் வெளியூர்ப் பிரசங்கியாருக்குக் காரமில்லாமல் சமைப்பது எல்லாம் நாங்கள்தான். ஈஸ்டர் அன்று பிரசங்கத்தில் எங்களைத் தூக்கி வைப்பார்கள். கல்லறைக்கு முதலில் ஓடியவர்கள் பெண்கள் அல்லவா என்று உருகுவார்கள். அடுத்த ஞாயிறு பத்திரமாகக் கீழே இறக்கி வைத்துவிடுவார்கள்.

இந்தச் சங்கத்துக்குத் தலைவர் யார்? உங்களுக்குத் தெரியும், நம் ஊரிலும் அதே வழக்கம்தான். சபைக்கு எந்த ஆயர் வருகிறாரோ, அவர் மனைவி தலைவி. தேர்தல் கிடையாது. “உங்களுக்கு இஷ்டமா?” என்ற ஒரு வார்த்தை கிடையாது. ஆயர் குடியிருக்கும் பார்சனேஜில் சாமான் இறக்கும்போதே பதவியும் இறங்கிவிடும். பேசத் தெரிந்தவர் வந்தால் எங்கள் அதிர்ஷ்டம். ஒரு ஆயரம்மா, பாவம், கூட்டத்தைக் கண்டாலே வாசலைப் பார்ப்பார். அவரையும் விடாமல் நாற்காலியில் உட்கார வைத்தோம். ஜெபம் சொல்லி முடித்ததும் அடுக்களைக்குப் போய் எல்லோருக்கும் டீ போடுவார். அதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. எங்களுக்கும் அது வசதியாக இருந்தது.

நான் அந்தச் சங்கத்தின் செயலாளர். எத்தனையோ ஆயரம்மாக்களுக்கு என்ன பேச வேண்டும், யாரை எப்படிக் கூப்பிட வேண்டும், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று காதில் ஓதியவள். மறைப்பானேன், அந்தத் தலைவர் நாற்காலி எனக்கு வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அதற்கு ஒரே வழி, நான் ஓர் ஆயரைக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. என் வீட்டுக்காரரைப் போய் இனிமேல் வேதாகமக் கல்லூரியில் படி என்றா சொல்ல முடியும்?

3

அப்போதுதான் எங்களுக்குப் பெண் ஆயர் வருகிறார் என்று, சபைகளுக்கெல்லாம் மேலிடமான பேராயத்திலிருந்து உத்தரவு வந்தது. பெயர் கிரேஸ் சுகந்தி.

மற்ற சபைகளில் பெண் ஆயர்கள் வந்து வருஷக்கணக்காகிறது. எங்கள் சபையில் மட்டும் அதைப் பக்கத்துத் தெருவில் நடக்கும் விஷயமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். சபைக் கமிட்டி செயலாளர் வில்சன் அங்கிள் மூன்று தலைமுறையாகப் பிரேசர் டவுன்காரர். நல்ல மனுஷன்தான். வீட்டில் அவர் பேச்சு எடுபடாது, அதனால் கமிட்டியில் நிறையப் பேசுவார்.

“நம்ப சபைக்கு இன்னாத்துக்கு லேடி? நம்ப என்னா தப்பு பண்ணோம்?” என்று பேராயத்துக்கே போன் போட்டுக் கேட்டார். அங்கே என்ன பதில் வந்ததோ, போனை வைத்துவிட்டு, “சரி, ஸ்வல்ப நாள் பாக்கலாம்” என்றார்.

கிரேஸ் சுகந்தி வந்தார். முதல் பிரசங்கம் செய்தார். உழைப்பைப் பற்றி, கூலியைப் பற்றி, கேட்கிறவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும்படி பேசினார். வெளியே வந்த ஆண்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? குரல் இனிமை என்றார்கள். பெண்கள் அங்கியை யார் தைத்தது என்று கேட்டார்கள். அதற்கு முன்னாலிருந்த ஆயருக்குத் தொண்டை தகரம். பாடினால் நாய் குரைக்கும். யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய பிரசங்கத்தை மட்டும் வீடு போகும் வரை அலசுவார்கள்.

கூப்பிடுவதிலும் தடுமாற்றம். ஆயரின் மனைவியைத்தானே இதுவரை ஆயரம்மா என்றோம், இவரை எப்படிக் கூப்பிடுவது? கடைசியில் எல்லோரும் மேடம் என்று சமாதானமானார்கள். பெங்களூரில் எந்தப் பிரச்சினைக்கும் மேடம் போதும்.

ஆனால் கமிட்டியின் உண்மையான கவலை வேறு. பலிபீடத்தில் யார் நிற்பது என்பதை விழுங்கிக்கொண்டார்கள். ஆயரம்மா வேலையை யார் பார்ப்பது என்பதுதான் தொண்டையில் சிக்கியது. ஆயர் வந்துவிட்டார், ஆயரம்மா வரவில்லை! ஞாயிறு பள்ளிக்கு யார் பாட்டுச் சொல்லித் தருவது? பேராயர் வந்தால் யார் சமைப்பது? சம்பளமே இல்லாத ஓர் உத்தியோகம் காலியாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆயரம்மா இல்லை என்றால் நாற்காலி காலி. நாற்காலி காலி என்றால் செயலாளரை விட்டால் வேறு யார்? வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தலைமையுரைகூடச் சொல்லிப் பார்த்தேன்.

கமிட்டியில் வில்சன் அங்கிள் சட்டதிட்டத்தைத் திறந்தார். சங்கத்தின் தலைவர் ஆயரின் வாழ்க்கைத் துணை. “அவ்ளோதான். மேடமோட வாழ்க்கைத் துணை யாரு? மிஸ்டர் ஜெபசிங். ரூல் இஸ் ரூல்.” ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆயர் எதிர்த்துப் பேச வாயெடுத்தார். வில்சன் அங்கிள் கையைக் காட்டினார். “இது உங்க வீட்டுக்காரர் விஷயம் மேடம். நீங்க சம்பந்தப்பட்ட பார்ட்டி. இதுல பேசுறது முறை இல்ல.” இதுவரை எந்த ஆயரும் தன் மனைவி தலைவியாவதைப் பற்றிச் சம்பந்தப்பட்ட பார்ட்டியாக இருந்ததில்லை.

அடுத்த நாள் என்னைப் பார்த்தபோது ஆயர் சொன்னார்: “என்னைப் பலிபீடத்துல நிக்க விட்டாங்க சாந்திக்கா. அதுக்குப் பதிலா என் வீட்டுக்காரரைப் பெண்கள் சங்கத்துல உக்கார வச்சுட்டாங்க.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, அவருக்காக இல்லை, எனக்காக.

4

ஜெபசிங் பொம்மசந்திராவில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். அதிர்ந்து பேசமாட்டார். முதல் கூட்டத்துக்கு ஷிப்ட் முடிந்து நேராக வந்தார், கம்பெனி ஷூவோடு. வாசலில் என்னைப் பிடித்து, “அக்கா, எனக்கு வேண்டாம்னுதான் சொன்னேன். கேக்க மாட்டேங்கறாங்க. நீங்களே நடத்துங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்” என்று கெஞ்சினார்.

உள்ளே நுழைந்தோம். எங்கள் பெண்கள் செய்ததைக் கேளுங்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது! எந்த ஆயரம்மாவுக்கும் ஒருத்திகூட எழுந்ததில்லை. பாதிப் பேர் பின்னால் வெண்டைக்காய் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு முக்காடு வேறு இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அவர் பின்னால் உட்காரப் போனார். விடவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து, சாஸரோடு டீ கொடுத்தார்கள். அந்தச் சாஸர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. இருபது வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

சட்டை விஷயமும் அன்றைக்குத்தான் முடிவானது. எங்கள் சங்கத்துக்கு மயில் கழுத்து நிறத்தில் ஒரே மாதிரிச் சேலை உண்டு. தலைவருக்கு மட்டும் இல்லாமல் எப்படி என்று, அதே நிறத்தில் துணி எடுத்துச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். மனுஷன் மறுக்கத் தெரியாமல் போட்டுக்கொண்டார். சேலை கட்டிக்கொண்டு வருகிறார் என்று ஊருக்குப் போய்ச் சேர்ந்த செய்தியின் மூலம் இதுதான்.

பிறகு நடந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். நானும் இரண்டு ஆயரம்மாக்களும் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். “பாக்கலாம்மா, பட்ஜெட்ல வைக்கலாம்” என்பார் வில்சன் அங்கிள். ஜெபசிங் ஒருநாள் போகிற போக்கில் சொன்னார். அந்த வாரமே தாழ்ப்பாள் வந்தது. அடுத்த வாரம் உள்ளே கண்ணாடியும் வந்தது. ஹால் சாவியை எங்களிடம் தந்ததே இல்லை, தொலைத்துவிடுவோமாம். அவர் கையில் இன்னொரு சாவி செய்து கொடுத்தார்கள். கேட்காமலே புது மின்விசிறி வந்தது.

“இன்னா சாந்தி மூஞ்ச தூக்கி வச்சிருக்க?” என்றாள் ஸ்டெல்லா. சங்கத்தில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது. பிரேசர் டவுனில் பிறந்தவள். தமிழ், கன்னடம், உருது எல்லாவற்றிலும் ஒரே வேகத்தில் சண்டை போடுவாள். “அந்த ஆளு இருக்கட்டுமே. கேட்டா கெடைக்குது. உனக்குத் தாழ்ப்பாள் நக்கோவா?”

“தாழ்ப்பாள் வேணும். அதுக்கு ஒரு ஆம்பளைதான் கேக்கணும்னா நாம எதுக்குச் சங்கம்னு இருக்கோம்?”

“பேடாம்மா, சண்டை பேடா. நீ கேட்டு என்னா கெடைச்சுது சொல்லு?”

அன்றைக்கு நான் அவளோடு ஆட்டோவில் வரவில்லை, நடந்தே வந்தேன். இருந்தாலும் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளே நிம்மதியாக இருந்தபோதெல்லாம் அவள் சொன்னது சரியோ என்றும் தோன்றியது. அதுதான் இன்னும் எரிச்சல்.

5

என் மகள் ஷெரினிடம் சொல்லியிருக்கக் கூடாது. கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. சங்கீதம் வாசிக்கச் சொன்னால் ஆங்கில எழுத்தில் போனில் வைத்து வாசிப்பாள். இப்போது அதுவும் இல்லை. எங்கள் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டு, ஒரு மாலின் மேல்மாடியில் நடக்கும் ஆங்கில ஆராதனைக்குப் போகிறாள்.

“லேடீஸ் பெலோஷிப்புக்கு ஒரு ஆம்பள பிரசிடெண்டா? சீரியஸ்லி, அம்மா?” என்று ஒரு மணி நேரம் சிரித்தாள். பிறகு, “நீ ஏன் இன்னும் அங்க போற? எங்க சர்ச்சுக்கு வா. அங்க இந்த மாதிரி ரூல் எல்லாம் இல்ல” என்றாள்.

ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தேன். ஏசி, காபி, சினிமா தியேட்டர் நாற்காலி. மேடையில் பெண்கள்தான் பாடினார்கள், மைக் அவர்கள் கையில். எனக்கே பொறாமையாக இருந்தது. போதகரின் மனைவி ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்து பேசினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் தன் கணவருக்கு நன்றி சொல்லித் தொடங்கினார். முடிந்ததும், இங்கே முடிவெல்லாம் யார் எடுப்பது என்று ஷெரினிடம் கேட்டேன். மூப்பர் குழு என்றாள். அதில் யார் யார்? அவள் யோசித்தாள். ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். டேனியல் அங்கிள், ரோஹன் அங்கிள், இன்னும் சில அங்கிள்கள்.

“நம்ம வில்சன் அங்கிள்தான்டி இவங்களும். இங்கிலீஷ் பேசுறாங்க” என்றேன். அவள் முகம் தொங்கிப்போய்விட்டது. வரும்போது மெட்ரோவில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு ஒரு நல்ல இடம் இருந்திருக்கலாமே என்றுதான் இருந்தது.

6

சபையின் வருஷாந்தரப் பொதுக்கூட்டம். ஆயர் தலைமை. கணக்கு வாசித்து, கைதட்டி, எல்லோரும் பிரியாணி வாசனையை முகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் ஜெபசிங் எழுந்தார். மயில் கழுத்துச் சட்டை.

“எனக்கு இந்தப் பதவி வேண்டாம். எனக்கு ஷிப்ட் இருக்கு. அது காரணம் இல்ல. ஷிப்ட் இல்லன்னாலும் வேண்டாம். நான் கேட்டா உடனே நடக்குது, அக்கா கேட்டா நடக்க மாட்டேங்குது. எனக்கு வெக்கமா இருக்கு. அவங்களே அவங்க தலைவரைத் தேர்ந்தெடுக்கட்டும்.” உட்கார்ந்துவிட்டார்.

வில்சன் அங்கிள் எழுந்தார்.

“தம்பி இஷ்டம் இல்லன்னா ஓகே. ஆனா ரூலை மாத்த முடியாது. வாழ்க்கைத் துணை இஷ்டப்படலன்னா, போஸ்ட் காலியாவே இருக்கட்டும். அடுத்த தபா சரியான ஆயர் வருவார், அவரு சம்சாரம் வந்து பாத்துக்குவாங்க.”

சரியான ஆயர். மேடையில் உட்கார்ந்திருந்த கிரேஸ் சுகந்தி தலையைக் குனிந்து பேனா மூடியைத் திருகினார். நான் எழுந்து பேச வேண்டும். கண்ணாடி முன்னால் அத்தனை முறை பேசியவள்தான். என்ன பேசினாலும் இவள் நாற்காலிக்குத்தான் பேசுகிறாள் என்பார்களே என்று உட்கார்ந்தே இருந்தேன்.

எழுந்தது ஸ்டெல்லா.

“இன்னா அங்கிள் சொன்னீங்க? சரியான ஆயரா? அப்போ இவங்க யாரு?” குரல் உத்தரத்தைத் தொட்டது. “எங்கப்பா செத்தப்போ கல்லறையில மழை கொட்டுச்சு. நீங்க எல்லாரும் கார்ல ஏறி கண்ணாடிய மூடிக்கினீங்க. குழிகிட்ட கடைசி வரைக்கும் நனைஞ்சிகினு நின்னது யாரு? இவங்கதானே? எங்கப்பா சரியா அடக்கம் ஆவலையா அப்போ? சொல்லுங்க!”

ஸ்டெல்லா அழுதுகொண்டே தொடர்ந்தாள். “போஸ்ட் காலியா இருக்கணுமா? நாங்க இத்தினி பேரு இங்க உக்காந்திருக்கோம், காலியா தெரியுதா உங்களுக்கு?”

ஆயர் நிமிர்ந்தார். “பெண்கள் சங்கத் தலைவரைப் பெண்களே தேர்ந்தெடுப்பது என்று தீர்மானம். ஓட்டுக்கு விடுகிறேன்.”

“குடும்பத் தலைவர்கள் கை தூக்கட்டும்” என்றார் வில்சன் அங்கிள், பழக்கத்தில்.

“இல்ல அங்கிள். இது அவங்க சங்கம். பெண்கள் தூக்கட்டும்.”

முதலில் ஒரு கையும் எழவில்லை. எங்கள் பெண்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கணவன்மாரைப் பார்த்தார்கள். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள். பிறகு ஸ்டெல்லாவின் கை மட்டும் எழுந்து நின்றது. நான் தூக்கினேன். பிறகு எங்கள் வரிசை. பிறகு முன் பெஞ்சில், யாரும் எதிர்பார்க்கவில்லை, வில்சன் அங்கிளின் மனைவி. அதற்கப்புறம் எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பிரியாணி ஆறிப்போனாலும் பரவாயில்லை, இப்போதே தேர்தலை முடித்துவிடலாம் என்றார் ஆயர். என் பெயரை ஒருத்தி முன்மொழிந்தாள். நான் அடக்கமாகக் குனிந்துகொண்டேன். இன்னொருத்தி ஸ்டெல்லாவின் பெயரைச் சொன்னாள். நான் நிமிர்ந்தேன்.

ஸ்டெல்லா ஜெயித்துவிட்டாள்.

ஆமாம், ஜெபசிங்கே இருக்கட்டும் என்று என்னோடு சண்டை போட்ட அதே ஸ்டெல்லா. நாற்காலியில் உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, “ஏய், இப்போ நான் இன்னா சொல்லணும்?” என்று கேட்டாள். வழக்கம்போல் காதில் ஓதினேன். என் வாயால்.

வீட்டுக்கு வரும் வழியில் அழுதேன். இத்தனை வருஷம் உழைத்தவளை விட்டுவிட்டு ஒரு நாள் கத்தியவளுக்குப் போட்டார்களே என்று தாங்கவில்லை. வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, “விடு சாந்தி. அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றார்.

அழுகை நின்றுவிட்டது. அடுத்த தடவை! இந்தச் சங்கத்தில் எனக்கு அப்படி ஒன்று இதுவரை இருந்ததே இல்லை. இத்தனை நாளும் அந்த நாற்காலி வேண்டுமென்றால் நான் ஓர் ஆயரைக் கட்டியிருக்க வேண்டும். இனிமேல் ஸ்டெல்லாவைத் தோற்கடித்தால் போதும்.